பாவும் ஊடையும்

புதுமாதிரி சங்கீதத்துக்குக் கூட்டம் சேராது. சேருகிற நாலு பேரும் சும்மா இருக்கமாட்டார்கள்; அபிப்பிராய பேதத்தில் ஆரம்பித்து, அடுத்த காஸெட் எங்கே கிடைக்கும் என்ற விசாரணையில் முடிப்பார்கள்.

இளையராஜா 1986-ல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' அப்படிப்பட்டது. சினிமா இல்லை, பாட்டு வரி இல்லை. தியாகராஜருக்கும் ஜெர்மனி தேசத்து பாக்குக்கும் செலுத்திய காணிக்கை அது. நான் கல்லூரியில் படித்த நாளில், ஆரணி டீக்கடையில் அதைப் பற்றி ஓயாத தர்க்கம் செய்தவர்கள் ஒரு பட்டு நெசவாளியும் அவர் மகனும்.

"இது நம்ம சங்கீதமும் இல்லை, வெள்ளைக்காரன் சங்கீதமும் இல்லை" என்பான் மகன்.

"ஒரு வயலின் பாவு மாதிரி நீளமா ஓடுது, இன்னொண்ணு ஊடை மாதிரி குறுக்கே போவுது. புடவை ஒண்ணுதானேடா?" என்பார் பெரியவர்.

பல ஸ்வர வரிகளைத் தனித்தனியே ஓடவிட்டு இசைவிப்பது பாக்கின் வித்தை. அதை அவர் தறிக்குழியில் உட்கார்ந்தே கண்டுகொண்டிருந்தார்!

தறியில் வருமானம் போதாமல் மகன் சென்னைக்கு வேலைக்குப் போனான். பெரியவர் டீக்கடைப் பக்கமே வரவில்லை. தர்க்கத்துக்கு ஆள் வேண்டாமா?

ஆறு மாதம் கழித்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே 'நத்திங் பட் விண்ட்' காஸெட். ஹரிபிரசாத் சௌராஸியாவின் புல்லாங்குழலோடு இளையராஜா 1988-ல் தந்தது. கூடவே ஒரு சீட்டு: 'இதுவும் எனக்குப் பிடிக்கவில்லை, அப்பா. கேட்டுவிட்டு எழுதுங்கள்.'

அன்று டீக்கடையில் எங்கள் எல்லாருக்கும் அவர் கணக்கில்தான் டீ.