புனர்பூசத்தில் ஒரு தம்பதி

புனர்பூசத்தின் இரண்டு நட்சத்திரங்களில் ஒன்றான காஸ்டரின் குடும்பத்தில், வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு தம்பதி உண்டு. இரண்டும் சூரியனைவிடச் சிறிய, சூடு குறைந்த செங்குள்ளர்கள். சுமார் 19½ மணி நேரத்தில் ஒரு சுற்று. அதற்குள் மாறி மாறி இரண்டு கிரகணம்! கிரகணமில்லாத வேளையிலும் ஒளி ஏறி இறங்குவதைக் கண்ட கிரான் என்ற அமெரிக்கர், மேனியில் கறைகள் இருக்கவேண்டும் என்று 1952-ல் எழுதினார். காந்தம் இறுகி, உள்ளிருந்து வரும் சூட்டைத் தடுக்கும் இடமே கறை. சூரியனுக்கும் உண்டு, கொடைக்கானலில் நூறு வருஷத்துக்கு மேலாகப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் சூரியன் ஒருமுறை சுழல 25 நாளாவது வேண்டும். இவையோ நெருக்கத்தினால் முகம் திருப்பாமல் வேகமாகச் சுழல்கின்றன. அதனால்தான் இத்தனை கறை, இத்தனை சீற்றம்.

முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் மாடியிலிருந்து காஸ்டர் மட்டும் தெரியும். என் பெண்ணும் புனர்பூசம். பொருத்தமில்லையென்று மூன்று வீட்டார் ஜாதகத்தைத் திருப்பிவிட்டார்கள். அவளிடம் இந்தத் தம்பதியைப் பற்றிச் சொன்னேன்.

"அவர்களுக்கு யார் பொருத்தம் பார்த்தது, அப்பா?" என்றாள்.