வெந்நீர் ஊற்றுகளை நாடிச் செல்வோருக்கு

கல்வராயன் மலையில் சுனைகளுக்குக் குறைவில்லை. வெந்நீர்ச் சுனைதான் இல்லை. மேகம் அருவியிலும் பெரியார் அருவியிலும் நனைந்தவர்கள் அந்தக் குளிர்ச்சியை அறிவார்கள். தெளிந்த நீரைக் கண்டதும் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கிவிடுவது கள்ளக்குறிச்சிக்காரர்களாகிய நமக்குப் பிறவிப் பழக்கம். இப்போது நம் பிள்ளைகள் வடநாட்டுச் சுற்றுலா செல்கிறார்கள். அங்கே இந்தப் பழக்கம் உதவாது.

பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் ஆழம் சென்றால் ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி வரை சூடு கூடும். பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்துக்கு இறங்கிய மழைநீர், ஆறுவதற்குள் மேலேறி வந்தால் அதுவே வெந்நீர் ஊற்று. எரிமலை வேண்டுமென்பதில்லை. திருகோணமலையை அடுத்த கன்னியாவின் ஏழு கிணறுகள் இதற்குச் சான்று. கிணற்றுக்குக் கிணறு சூடு சற்றே மாறுவதை அங்கு நாம் கையால் உணர்ந்தோம். வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்வதே அங்குள்ள வழக்கம். அதனினும் பாதுகாப்பான முறை வேறில்லை.

இமாசலத்து மணிகரண் அப்படிப்பட்டதன்று. அரிசியைத் துணியில் முடிந்து ஊற்றில் இட்டால் சோறாகிவிடும். ஆயினும் பார்வைக்கு அது நம் மலைச்சுனை போலவே தோன்றும், ஆபத்தே அங்குதான். 60 டிகிரி நீர் சில நொடிகளில் தோலை வேகவைத்துவிடும். அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவில், 2016-இல், மரநடைபாதையை விட்டு விலகிக் குளிக்க ஊற்றுத் தேடிச் சென்ற 23 வயது இளைஞர் வழுக்கி விழுந்தார். உடலைக்கூட மீட்க இயலவில்லை. இத்தகைய இடங்களில் தரை அப்பளம் போன்றது. மிதித்தால் கீழே கொதிநீர். குழந்தையின் கையை விடவே கூடாது.

குளிப்பதற்கென அமைத்த தொட்டியிலும் கால் மணி நேரத்திற்கு மேல் இருத்தல் நன்றன்று. இதய நோயாளிகளும் கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கேளாமல் இறங்க வேண்டா.

பீகாரின் ராஜ்கீரில் சூஃபி ஞானி ஷரஃபுத்தீன் யஹ்யா மனேரி அவர்களின் நினைவாக மக்தூம் குண்டு என்னும் வெந்நீர்ச் சுனை இருக்கிறது. ஜியாரத்துக்குச் செல்வோர் அந்நீரில் ஒளுச் செய்ய விரும்புவது இயல்பே. ஆனால் வெதுவெதுப்பான நன்னீரில் மூளையைத் தின்னும் அமீபா வாழக்கூடும். குடித்தால் அது தீங்கு செய்யாது. மூக்கின் வழியே ஏறினால் உயிருக்கே ஆபத்து. 2024-இல் கேரளத்தில் இந்நோய் பல உயிர்களைப் பறித்தது. கராச்சியில் நீச்சலே அறியாதவர்களும் இதனால் மாண்டனர். ஒளுவின்போது மூக்கில் ஏற்றிய குழாய்நீரே காரணமாகலாம் என மருத்துவர்கள் கருதினர். ஆதலால் எந்த வெந்நீர் ஊற்றிலும் தலையை முழுக்க வேண்டா. மூக்கைச் சுத்தம் செய்ய மட்டும், காய்ச்சி ஆறிய நீரை ஒரு சிறு புட்டியில் கொண்டுபோனால் போதும்.