ரென்னலின் வரைபடத்தில் பாராமகால்

ஆங்கிலேய நில அளவையாளர் ஜேம்ஸ் ரென்னலின் தென்னிந்திய வரைபடத்தைக் கையில் எடுப்பவர்கள் ஆறுகளையும் ஊர்களையும்தான் முதலில் தேடுவார்கள். தேட வேண்டியவை எல்லைக்கோடுகள். 1792 மார்ச்சில் கையெழுத்தான ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி பிரித்த மைசூர் நாடு அதில் இருக்கிறது.

மூன்றாம் மைசூர்ப் போரில் தோற்ற திப்பு சுல்தான் பாதி நாட்டை இழந்தார். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தண்டம் வேறு. அதற்கு ஈடாக இரண்டு மகன்கள் பிணை. (பிள்ளைகளை அடகு கேட்டதற்குப் பெயர் ராஜதந்திரம்!) மராட்டியரும் நிஜாமும் வடக்கில் பங்கு பெற, கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டது மலபார், குடகு, திண்டுக்கல், சேலம், பாராமகால்.

பாராமகாலில், அதாவது கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்தில், இருந்த உழவருக்கோ வரி வாங்கும் கை மாறியது, அவ்வளவுதான். கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் உதவியாளர் தாமஸ் மன்றோவும் வந்து நிலம் அளந்து தீர்வை போட்டார்கள். உழவரிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை அங்கேதான் துளிர்விட்டது.