உளி பிடிக்கும் கைக்கு எந்த உறை?

அஞ்சுகிராமம் வட்டாரத்தில் கல்வேலை என்றால் மயிலாடிதான். சுசீந்திரம் கோயிலின் கல் மரபோடு சேர்த்துப் பேசப்படும் ஊர். புவிசார் குறியீடு பெற்ற கற்சிற்பங்களின் ஊர். தமிழ்நாட்டுக் கோயில்களுக்கும் கேரளத்துக் கோயில்களுக்கும் இங்கிருந்து சிலைகள் போகின்றன. பட்டறைகளின் முன்னால் பாதி முகம் திறந்த பிள்ளையாரும், கால்வரை மட்டும் செதுக்கி நிற்கும் நந்தியும், அளவுக் கோடு மட்டும் போட்ட கருங்கல் பாளமும் வரிசையாகக் கிடக்கின்றன. உள்ளே ஒருவர் உளியால் கொத்துகிறார், ஒருவர் கிரைண்டரால் அறுக்கிறார், ஒருவர் தண்ணீர் விட்டுத் தேய்க்கிறார். பெரும்பாலும் வெறுங்கை. கையுறை இருந்தால் அது ஓரத்தில் ஒரு சாக்குமேல் சுருண்டு கிடக்கும். இதைத் தொழிலாளியின் அலட்சியம் என்று எழுதி முடிப்பது எளிது. எனக்கு அது சரியான விளக்கமாகப் படவில்லை. கையுறை வாங்குகிறவர் அந்தக் கை என்ன செய்கிறது என்று பார்க்காமல் வாங்குகிறார். கைக்குப் பொருந்தாததைக் கை கழற்றிப் போட்டுவிடுகிறது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இந்த ஒன்றுதான்.

கொத்து வேலையில் இரண்டு கைகளுக்கும் ஒரே வேலை இல்லை. வலக்கை சுத்தியலைப் பிடிக்கிறது. அதன் உள்ளங்கையில் பிடி உராய்ந்து காய்ப்பு ஏறுகிறது. அந்தக் காய்ப்பே நாளடைவில் ஓரளவு உறையாகிவிடுகிறது. இடக்கையின் கதை வேறு. உளியைக் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சுற்றிப் பிடிக்க, சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை விளிம்பு கல்லின்மேல் படிந்து நகர்கிறது. உளியின் சாய்வை ஒரு நூல் அளவு கூட்டவும் குறைக்கவும் அந்தப் படிமானம்தான் உதவுகிறது. கல் சொரசொரப்பானது, இப்போதுதான் கொத்திய முகத்தில் சில்லுகள் கூராக நிற்கும். காலை முதல் மாலைவரை அந்த விளிம்பு அதன்மேல் இழுபடுகிறது. அடி தவறினால் சுத்தியல் விழுவதும் அதே கையில்தான், கட்டைவிரல் மூட்டுக்கும் ஆள்காட்டி விரல் மூட்டுக்கும் நடுவில். அடிபட்டு அடிபட்டு விரிந்த உளித்தலையின் ஓரத்திலிருந்து இரும்புச் சில்லு தெறித்தால் அதுவும் முதலில் தைப்பது இங்கேதான். ஆக, இடக்கைக்குப் பாதுகாப்பு வேண்டிய இடங்கள் இரண்டு: உள்ளங்கை விளிம்பு, கட்டைவிரலை ஒட்டிய புறங்கை. விரல்நுனிகளுக்கு அவ்வளவு தேவையில்லை. கடையில் கிடைக்கும் உறையோ விரல்நுனியிலிருந்து மணிக்கட்டு வரை எல்லா இடத்தையும் ஒரே கனத்தில் மூடுகிறது.

இந்தக் கணக்கைச் சரியாகப் போட்ட ஒரு கூட்டம் உலகின் வேறொரு மூலையில் இருக்கிறது. லாங்போர்டு என்னும் நீளச் சறுக்குப் பலகையில் மலைச்சாலைகளில் இறங்குகிறவர்கள் அவர்கள். அமெரிக்காவின் பெர்க்லி குன்றுகளில் கிளிஃப் கோல்மன் 1970களில் பழக்கிய முறை ஒன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. வேகத்தைக் குறைக்க உடலைத் தாழ்த்தி, ஒரு கையைத் தார்ச்சாலையில் ஊன்றி, பலகையைப் பக்கவாட்டில் வழுக்கவிடுவார்கள். வெறுங்கையை ஊன்றினால் தோல் மிஞ்சாது. அதற்காக அவர்கள் கைமுழுக்கக் கனத்த உறையைச் செய்துகொள்ளவில்லை. சாதாரணத் தோலுறையின் உள்ளங்கையில், சாலையைத் தொடும் இடத்தில் மட்டும், கெட்டிப் பிளாஸ்டிக் வட்டு ஒன்றை வெல்க்ரோ பட்டையால் ஒட்டினார்கள். சமையலறை மேடைக்குப் போடும் கோரியன் என்ற செயற்கைக் கல்லையும் வட்டாக வெட்டிப் பயன்படுத்துகிறார்கள். தேய வேண்டியது அந்த வட்டு. தேய்ந்தால் பிய்த்தெடுத்துப் புதிதை ஒட்டலாம், உறையை எறிய வேண்டாம். வாங்கும்போது அவர்கள் பார்ப்பவையும் இவையே: வட்டு சரியான இடத்தில் இருக்கிறதா, தையல் உராய்வுக்கு வெளியே இருக்கிறதா, மணிக்கட்டுப் பட்டை இறுக்கமாக நிற்கிறதா, விரல் மடங்குகிறதா. பொழுதுபோக்குக்காகச் சாலையில் உரசும் கைக்கு இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். பிழைப்புக்காகக் கல்லில் உரசும் கைக்கு நாம் டஜன் கணக்கில் வெள்ளைப் பருத்தி உறை வாங்கிப் போடுகிறோம். இது எனக்குப் பொறுக்கவில்லை.

பட்டறைகளில் எழும் முதல் மறுப்பு, உறை போட்டால் கல் கைக்குப் பிடிபடாது என்பது. இந்த மறுப்பை நான் மதிக்கிறேன். உளி சரியாக இறங்குகிறதா, உள்ளே மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்பதைக் காது பாதி சொல்கிறது, விரல் பாதி சொல்கிறது. கல்லைத் தட்டி ஓசை கேட்டு ஆண் கல், பெண் கல் என்று பிரித்த மரபு இது. கண்ணும் உதடும் திறக்கும் கட்டத்தில் விரல்நுனியை மூடச் சொல்வது சிற்பியின் பார்வையை மறைப்பதற்குச் சமம். ஆனால் இந்த மறுப்பு சாடுவது விரல்நுனி மூடிய உறையை மட்டும்தான். நுனி திறந்து, விளிம்பில் இரட்டைத் தோல் வைத்து, கட்டைவிரல் மூட்டின்மேல் ஒரு மெத்தை தைத்த இடக்கை உறையைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. அப்படி ஒன்றைத் தைக்கப் பெரிய ஆலை தேவையில்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் தோல் பதனிடுகிற மாநிலம் இது. செருப்புத் தைக்கத் தெரிந்த கைக்கு இந்த உறை தைப்பது கடினமல்ல.

கிரைண்டர் பிடிக்கும் கைக்கு வந்தால் தேர்வின் விதியே தலைகீழாகிறது. கொத்துவதற்கு வாங்கிய தொளதொளப்பான பருத்தி உறையோடு கிரைண்டரைத் தொடவே கூடாது. சுழலும் பிளேடு நூலைப் பற்றினால் உறையோடு விரலையும் உள்ளே இழுத்துவிடும். உறையில் அச்சடித்திருக்கும் வெட்டுத் தாங்கும் எண்ணை நம்பியும் ஏமாறக் கூடாது. ஐரோப்பிய இ.என். 388 தரத்தில், சுத்தியல் படத்துக்குக் கீழே வரும் முதல் எண் உராய்வைக் குறிக்கிறது, இரண்டாவது வெட்டை. உராய்வில் 4 என்றால் சோதனை இயந்திரத்தில் 8000 சுற்றுத் தேய்த்தும் ஓட்டை விழவில்லை என்று பொருள். உளி பிடிக்கும் கைக்கு இந்த முதல் எண் பயன்படும். வெட்டு எண்ணோ கூரான தகடு கையில் இழுபடுவதை மனதில் வைத்தது. மின்சாரத்தில் சுழலும் வைர பிளேடை எந்த உறையும் நிறுத்தாது. அங்கே பிளேடு மூடியும் பக்கவாட்டுக் கைப்பிடியும்தான் காவல். உறை போடுவதானால் கையோடு ஒட்டிய, நூல் பிரியாத ஒன்றைப் போடலாம்.

கிரைண்டரும் காற்று உளியும் இன்னொன்றையும் கொண்டுவருகின்றன. அது அதிர்வு. அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் 1918இல் இண்டியானா மாநிலத்தின் பெட்ஃபோர்டு ஊருக்குப் போய், சுண்ணாம்புக்கல் செதுக்குகிறவர்களின் கைகளைப் பார்த்தார். காற்றுச் சுத்தியல் பிடித்தவர்களுக்குக் குளிர் பட்டதும் விரல்கள் வெளுத்து மரத்துப்போயின. கருவியைத் தாங்கிப் பிடிக்கும் இடக்கைதான் அதிகம் பாதிக்கப்பட்டது. நம் ஊர் வெயிலில் விரல் வெளுப்பது அரிதாகவே கண்ணுக்குத் தெரியும். ஆகவே நோய் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. இரவில் மதமதப்பு, சட்டைப் பொத்தான் போடத் தடுமாற்றம், பிடி தளர்வு என்று நரம்பு வழியாக அது வரும். எந்த விரலுணர்வுக்காக உறை வேண்டாம் என்கிறார்களோ, அந்த விரலுணர்வையே அதிர்வு தின்றுவிடுகிறது. இதற்கென்று விற்கும் அதிர்வு தடுக்கும் உறைகள் உயர்ந்த அலைவெண் அதிர்வை ஓரளவு குறைக்கும், தாழ்ந்ததைக் குறைப்பதில்லை. உறை தடிமனானால் கை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது; இறுக்கிப் பிடித்தால் அதிர்வு கூடுதலாக உள்ளே போகிறது. இங்கே உறை வாங்கும் காசைக் கருவியின் பராமரிப்பில் போடுவதும், ஒருவரே நாள் முழுக்கப் பிடிக்காமல் ஆள் மாற்றுவதும் மேல். மெருகு வேலைக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. உப்புத்தாளும் தண்ணீரும் ஊறிய தோலைத் தேய்த்துவிடும். கையளவுக்குப் பொருந்திய மெல்லிய ரப்பர் பூச்சு உறை போதும்.

பாட்டன் காலத்திலிருந்து வெறுங்கையால்தானே செய்தோம் என்பது அடுத்த மறுப்பு. பாட்டன் கையில் கிரைண்டர் இல்லை. கை உளியில் பறந்த தூளுக்கும், உலர்ந்த கல்லில் பிளேடு இறங்கும்போது எழும் வெண்புகைக்கும் நிறைய வேறுபாடு உண்டு. கருங்கல்லின் குவார்ட்ஸ் அந்தப் புகையில் கண்ணுக்குத் தெரியாத துகளாக நுரையீரலுக்குள் போகிறது. நுரையீரலை இறுகச் செய்யும் சிலிக்கோசிஸை 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே அறிவிக்க வேண்டிய நோய்களில் சேர்த்தது. ஆனால் மின்கருவி இருந்தும் பத்துப் பேருக்குக் குறைவாக வேலைசெய்யும் கொட்டகைகள் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வரவில்லை. இந்த நோயைக் காட்டி, உயிர் போகிற இடம் நெஞ்சு, கையுறையைப் பற்றி என்ன பேச்சு என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்விதான். பிளேடில் தண்ணீர் விடுவதும் சரியான முகக்கவசமும் முதலில் வர வேண்டும்; கையுறை அதற்குப் பிறகுதான். ஆனாலும், கைக்குப் பொருந்தாத உறையைத் தலையில் கட்டி, போடாதவர்மேல் பழி போட்ட பட்டறையில் முகக்கவசத்தையும் யாரும் நம்பிப் போடமாட்டார்கள்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல தோலுறை பருத்தி உறையைவிடப் பல மடங்கு விலை, உண்மைதான். மூட்டு வீங்கி ஒரு வாரம் வேலைக்கு வராத கொத்தரின் கூலியையும், அந்த வாரம் நின்றுபோன சிலையையும் யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. எனவே பட்டறை நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நாகர்கோவில் கடையில் டஜன் விலை பேசுவதற்கு முன், கொத்துகிறவர் ஒருவரையும் அவருடைய உளியையும் கூட அழைத்துப் போங்கள். அவர் உறையை மாட்டி, உளியைப் பிடித்து, உள்ளங்கை விளிம்பை ஒரு கல்லில் வைத்து இழுத்துப் பார்க்கட்டும். அவர் சரி என்றால் மட்டும் காசைக் கொடுங்கள்.