நாலு குதிரைகள்

பள்ளிக்கு ஒரு டிராயிங் மாஸ்டர். கோட்டைப் பற்றிப் பேச அவருக்கு இன்னொருவர் இல்லை. லோயர், ஹையர் பரீட்சைகள் கையைப் பழக்கும், கண்ணைப் பழக்கா.

1966இல் பணிக்கர் தொடங்கிய சோழமண்டலத்தில் ஓவியர்கள் பாத்திக் துணி விற்று, அந்தக் காசில் படம் வரைந்தார்கள். வாத்தியார்களுக்கு அப்படியொரு கிராமம் இல்லை. அந்தியூரில் ஆடிமாதக் குருநாதசாமி சந்தை உண்டு. நாலு தனியார் பள்ளி வாத்தியார்கள் அங்கே நின்று ஒரே குதிரையை வரைந்தோம். நாலு குதிரைகள் வந்தன. எது சரி என்று யாரும் கேட்கவில்லை.

கரும்பலகை மயிலைப் பார்த்து வரைவதே வகுப்பு வழக்கம். நாலு நோட்டுகளையும் விரித்துவைத்தேன். பையன்கள் கரும்பலகைப் பக்கம் திரும்பவில்லை.

நோட்டுகள் பள்ளிவிட்டுப் பள்ளி போயின. தேர்ச்சி விகிதத்தில் போட்டி போடும் நிர்வாகங்களுக்கு இது பிடிக்காது. ஒரு நோட்டு திரும்பி வரவில்லை. மற்ற மூன்றும் சுற்றுகின்றன.