அறுகம்பேக்கு வேன் பேசுகிறீர்களா?

பாடசாலை விடுமுறை வந்துவிட்டால், அல்லது வெளிநாட்டிலிருந்து மகனோ மருமகனோ லீவில் வந்து இறங்கிவிட்டால், கல்முனைப் பக்கத்து வீடுகளில் எழும் முதல் பேச்சு, "உல்லைக்கு ஒருநாள் போய்வருவோமா?" என்பதுதான். வெளியார் அறுகம்பே என்று சொல்லும் இடத்துக்கு நம் பக்கத்தில் உல்லை என்றே பேர். கல்முனையிலிருந்து சுமார் 70 கிலோமீற்றர். காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். பதினான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு பஸ் ஒத்துவராது. ஒரு வேனை வாடகைக்குப் பிடிப்பதே வழி.

அந்த வேனை யார் பேசுகிறார்கள் என்று எப்போதாவது யோசித்ததுண்டா? வீட்டு ஆண்கள் சந்தியில் நின்று, "காலையில போய் இரவைக்கு வாற, எவ்வளவு?" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். நமக்கு வந்து சேர்வது, "நாளைக்குப் பதினான்கு பேருக்குச் சோறு கட்டணும்" என்ற செய்தி மட்டும்தான். விடிய முன் அடுப்பு மூட்டுவது நாம். மடியில் பிள்ளையும் காலடியில் சட்டியுமாகப் பின்சீட்டில் இருப்பதும் நாம். எங்கே ஒதுங்குவது, எங்கே தொழுவது, கைக்குழந்தைக்கு எங்கே பாலூட்டுவது என்று தவிப்பதும் நாமே. பயணத்தின் வேலை முழுவதும் நம்முடையது. பயணம் மட்டும் மற்றவர்களுடையது! இதற்கு யாரும் கெட்டவர்கள் என்று அர்த்தமில்லை. வேன் பேசும் இடத்தில் நாம் இருக்கவில்லை, அவ்வளவுதான். ஆகவே அடுத்த முறை அந்தப் பேச்சில் நீங்களும் உட்காருங்கள். என்ன பேச வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

உல்லாசக் கப்பலில் வரும் பயணிகளைப் பாருங்கள். கொழும்பிலோ திருகோணமலையிலோ அம்பாந்தோட்டையிலோ காலையில் இறங்கி, ஒரு காரை வாடகைக்குப் பிடித்து ஊர் சுற்றிவிட்டு, மாலையில் கப்பலுக்குத் திரும்ப வேண்டும். பிந்தியவருக்காகக் கப்பல் காத்துக்கொண்டிருக்காது. அதனால் அவர்கள் திரும்பும் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் எங்கே போவது, எவ்வளவு நேரம் நிற்பது என்று தீர்மானிக்கிறார்கள். நமக்குக் கப்பல் இல்லை. ஆனால் இருட்டு இருக்கிறது. இருட்டினால் யானை இருக்கிறது. நம் கரையில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய மாலை ஐந்தே முக்காலுக்கும் ஆறரைக்கும் இடையில் பொழுது அடைந்துவிடும். ஆகவே நாமும் அப்படியே எண்ணுவோம். உல்லையிலிருந்து நான்கு மணிக்கு வேன் கிளம்ப வேண்டும். இதை முதல் நிபந்தனையாகச் சாரதியிடமும் வீட்டாரிடமும் சொல்லிவையுங்கள்.

அடுத்தது கிலோமீற்றர் கணக்கு. நாள் வாடகை என்றால் அதற்குள் இத்தனை கிலோமீற்றர்தான் என்று ஒரு எல்லை இருப்பது வழக்கம். அதைத் தாண்டினால் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் தனிக்காசு. போகவர 140 கிலோமீற்றர் ஆகும். அங்கே போன பிறகு, "பாணமையையும் ஒருக்கா பார்ப்போம்" என்றால் இன்னும் 25 அளவில் கூடும். "லகுகலையில யானை நிக்குதாம்" என்று யாராவது சொன்னால் பொத்துவிலிலிருந்து போகவர இன்னும் ஒரு 30. ஆக, ஏறத்தாழ 200ஐத் தொட்டுவிடும். போகும் இடங்களை முன்கூட்டியே சொல்லி, எரிபொருள் வாடகைக்குள் அடங்குமா, நின்று காத்திருக்கும் நேரத்துக்குக் காசு உண்டா, சாரதியின் சாப்பாடு யாருடையது என்பதையெல்லாம் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொள்ளுங்கள். வீடு திரும்பிய பின் வாசலில் நின்று விலை பேசும் சங்கடம் இருக்காது. 2022ல் எரிபொருளுக்கு வரிசையில் நின்று நாம் பட்ட பாடு மறந்திருக்காது. அன்றிலிருந்து எந்தச் சாரதிக்கும் ஒவ்வொரு லீற்றரும் கணக்குத்தான். அவரையும் நாம் நட்டப்படுத்தக் கூடாது அல்லவா?

வாகனத்தையும் பாருங்கள். வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் செல்லுபடியாகுமா, மேலதிக டயர் இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கம் எதற்கு? பதினான்கு இருக்கை வேனில் இருபது பேரை அடைக்காதீர்கள். பெரும்பாலும் பெண்கள் பக்கம்தான் நெருக்கடி வரும். சில வீடுகளில் வளைகுடாவிலிருந்து வந்த மகன், "சாரதி வேண்டாம், நானே ஓட்டுறேன்" என்பார். அங்கே வாகனம் சாலையின் வலப்பக்கம் ஓடுகிறது, இங்கே இடப்பக்கம். வெளிநாட்டு அனுமதிப்பத்திரம் மட்டும் கையில் இருந்தால் போதாது. இங்கே ஓட்ட இலங்கையில் வழங்கும் அங்கீகாரமும் வேண்டும். அது இல்லாமல் விபத்து நேர்ந்தால் காப்புறுதியும் கைகொடுக்காமல் போகலாம். "மகனே, நீயும் ஒருநாள் ஓய்வாக வா" என்று அன்பாகச் சொல்லிவிடுங்கள்.

இனி வழி. சுபஹ் தொழுதுவிட்டு ஆறு மணிக்குக் கிளம்பினால் எட்டு மணியளவில் போய்ச் சேரலாம். இது கொழும்பிலிருந்து மட்டக்களப்பு வரை வரும் ஏ4 நெடுஞ்சாலை. சாய்ந்தமருது கழிந்து, சுவாமி விபுலாநந்தர் பிறந்த காரைதீவு, பிறகு நிந்தவூர், அதன்பின் ஒலுவில். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 1995ல் தொடங்கிய அந்தக் கலாசாலைக்கு மர்ஹூம் அஷ்ரப் எடுத்த முயற்சியையும் சொல்லிக் கொடுங்கள். ஒலுவிலில் 2013ல் திறந்த துறைமுகமும் உண்டு. அதன் வாயில் மணல் மூடிற்று. அயலில் கடல் கரையைத் தின்றது. கடலோடு விளையாடினால் கடலும் பதில் சொல்லும் என்பதற்கு அதுவே பாடம்.

பாலமுனை, அட்டாளைச்சேனை கழிந்து அக்கரைப்பற்று. அங்கே ஒருமுறை கட்டாயம் நிறுத்தச் சொல்லுங்கள். பெண்களும் பிள்ளைகளும் ஒதுங்கவும், எருமைத் தயிர் வாங்கவும் நல்ல இடம் அது. அதற்கப்பால் தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி எனத் தமிழ்க் கிராமங்கள். இலங்கையின் கிழக்கு முனையான சங்கமன்கண்டியும் இந்தப் பகுதியில்தான். 2009ல் போர் முடியும்வரை இந்தப் பாதையில் சோதனைச் சாவடிகளைத் தாண்டி, மனம் பதைக்கப் போய்வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! இன்று திருக்கோவில் கடையில் கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டு போகிறோம். அந்த அமைதியின் விலை நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

பொத்துவிலைக் கடந்ததும் களப்பின் மேலே பாலம் வரும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. ஆழிப்பேரலை சிதைத்த பழைய பாலத்துக்குப் பதிலாக அமெரிக்க உதவியுடன் கட்டியது அது. 2004 டிசம்பர் 26 அன்று நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது நம் அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். அன்றிலிருந்து கடலை நேருக்கு நேர் பார்க்காத உம்மாமார் மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் இன்னமும் உண்டு. அவர்களைக் கையைப் பிடித்து இழுத்துத் தண்ணீரில் இறக்காதீர்கள். தென்னை நிழலில் ஒரு பாயை விரித்து, பக்கத்தில் யாராவது ஒருவர் உட்கார்ந்திருங்கள். பார்க்க மனம் வந்தால் பார்ப்பார்கள்.

கடலில் இறங்குவோருக்கும் ஒரு வார்த்தை. ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை அலைச்சறுக்குப் பருவம். உலகின் பல பாகங்களிலிருந்தும் பலகையோடு வருகிறவர்கள் தேடுவது பெரிய அலையை; நமக்கு வேண்டியது சிறிய அலை. குடாவின் தெற்குப் பக்கத்தில், மீன்பிடி வள்ளங்களை ஏற்றி வைக்கும் இடத்தையொட்டி, முனையின் மறைவால் கடல் ஓரளவு அடங்கியிருக்கும். அங்கும் இறங்குமுன் மீனவர்களைக் கேளுங்கள். அலைகளுக்கிடையே ஓரிடம் மட்டும் சலனமில்லாமல், கலங்கிய நிறத்தில் தெரிந்தால் அது பாதுகாப்பான இடம் என்று எண்ணாதீர்கள். பெரும்பாலும் அது ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டம். அகப்பட்டவர் கரையை நோக்கி முட்டிமோதாமல், கரைக்குச் சமாந்தரமாக நகர்ந்து அந்த ஓட்டத்தை விட்டு விலக வேண்டும். முழங்கால் அளவு தண்ணீரானாலும் பிள்ளைகளுக்குக் காவலாக ஒருவர் நிற்க வேண்டும். அந்தக் காவலை ஆண்கள் முறைவைத்துச் செய்யட்டும்! அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும், பொலிசுக்கு 119.

கடல் பெண்களுக்கில்லை என்று சொல்வோருக்கு ஒரு செய்தி. இலங்கையின் முதல் பெண்கள் அலைச்சறுக்குக் கழகம் 2018ல் தொடங்கியது கொழும்பில் அல்ல; இதே அறுகம்பேயில்தான். அலையில் ஏறும் அந்தப் பெண்களில் பிள்ளை பெற்ற தாய்மாரும் உண்டு. நாம் எல்லோரும் பலகை ஏற வேண்டும் என்பதில்லை. கால் நனைய, மனம் ஆற, ஒருமணி நேரம் நமக்கென்று கேட்பது பெரிய காரியம் இல்லை என்றுதான் சொல்கிறேன்.

அதற்கு வழி ஒன்றுண்டு. காலை உணவை மட்டும் கட்டுங்கள். இடியப்பமும் சம்பலும் போதும். பகல் சோற்றைப் பொத்துவிலிலோ உல்லையிலோ வாங்கிக்கொள்ளுங்கள். முஸ்லிம் ஊர் என்பதால் ஹலால் உணவுக்குத் தட்டில்லை. ஆள் கணக்கைச் சொல்லி, விலையையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். வேன் வாடகையைப் பங்கிடும்போதே இந்தச் செலவையும் சேர்த்துப் பங்கிட்டால் யாருக்கும் பாரமில்லை. பெண்கள் லுஹரும் அஸரும் தொழ எங்கே வசதி உண்டு என்பதைச் சாரதியிடமோ பொத்துவில் உறவினரிடமோ முதல் நாளே விசாரியுங்கள். கஸ்ர் பற்றிய கேள்வி இருந்தால் ஊர் ஆலிமிடம் புறப்படுமுன் கேட்டுத் தெளிவது நல்லது.

நான்கு மணிக்கு வேன் கிளம்பட்டும். பாணமைப் பாதையிலும் லகுகலைப் பாதையிலும் பொழுது சாயும் நேரத்தில் யானை வீதியைக் கடப்பதுண்டு. கோமாரிப் பக்கமும் கவனம் தேவை. யானையைக் கண்டால் தூரத்திலேயே நிறுத்தி, கோர்ன் அடிக்காமல், வெளிச்சத்தை அடித்து அணைக்காமல், அது போகும்வரை பொறுத்திருங்கள். படம் எடுக்க இறங்குவதும் தின்பண்டம் எறிவதும் வேண்டவே வேண்டாம்.

அன்று முழுவதும் உங்களைச் சுமந்த சாரதியும் ஒரு வீட்டின் பிள்ளைதான். பகலில் அவருக்கும் சாப்பாடு கொடுத்து, நிழலில் சற்றே கண்ணயர விடுங்கள். தூக்கமுள்ள கண்ணோடு ஓட்டும் வேனில் ஒரு குடும்பம் முழுவதும் அல்லவா இருக்கிறது!

இந்த விடுமுறைக்கு உல்லைப் பேச்சு எழும்போது, தேநீரைக் கொடுத்துவிட்டுக் குசினிக்குத் திரும்பிவிடாதீர்கள். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எத்தனை மணிக்குத் திரும்புவோம்? எங்கெங்கே நிற்போம்?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பதில் கிடைத்த பிறகு வேனைப் பேசலாம். அல்லாஹ் உங்கள் பயணத்தை லேசாக்கி, எல்லோரையும் நலமாக வீடு சேர்ப்பானாக!