பாட்டில் ரெடி... பயணம் இல்லை!

போர்ச்சுகல் பக்கம் போனீங்கன்னா, போர்ட்டோ நகரத்தில் 1886-ல் திறந்த இரும்புப் பாலத்தில் நடந்து எதிர்க்கரைக்குப் போயிடுங்க. விலா நோவா டி காயா! டௌரோ ஆற்றங்கரை நெடுக வைன் கிடங்குகள். உள்ளே இருட்டு, ஜில்லுனு காத்து, வரிசையா பீப்பாய்கள்.

போர்ட் வைன் ஊர் விட்டு ஊர் போறதுக்கே பிறந்த சரக்கு. அந்தக் காலத்தில் மலைத் தோட்டங்களில் இருந்து 'ரபேலோ' படகில் பீப்பாய் இறங்கும். இங்கிருந்து இங்கிலாந்துக்குக் கப்பல். வழியில் கெடாம இருக்க பிராந்தி சேர்த்தாங்க. அந்த ருசியே நிலைச்சிடுச்சு!

நானும் ஒரு பாட்டில் வாங்கினேன். அமெரிக்காவில் எம்.எஸ். முடிச்ச என் பழைய ரூம்மேட்டுக்குப் பரிசு. கூரியர் கவுன்ட்டரில் கை விரிச்சுட்டாங்க. "தனி ஆள் மது அனுப்ப முடியாது. லைசென்ஸ் உள்ள கடைதான் அனுப்பணும்." அமெரிக்கத் தபால்துறையும் மதுவைத் தொடாது. கடை மூலம் போனாலும் வரி உண்டு. 21 வயசானவர் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கணும். கணக்குப் போட்டா, பாட்டிலைவிட பயணச் செலவு அதிகம்!

பின்னால் நின்னவர் காதில் ஓதினார்: "ஆலிவ் எண்ணெய்னு எழுதிடு." கை பரபரத்தது நிஜம். ஆனா, கஸ்டம்ஸில் மாட்டினா சிக்கல் அவனுக்கும்தானே? விசாவில் இருந்துக்கிட்டு வேலை தேடுற பையன். வேணாம் சாமி!

நீங்களும் பாட்டில் வாங்கறதுக்கு முன்னாடியே கூரியரில் விசாரிச்சுடுங்க. என்னுடையது வின்டேஜ் போர்ட். பாட்டிலுக்குள்ளேயே இருபது வருஷம்கூடக் காத்திருக்கும். "நீயே வாடா, திறக்கலாம்"னு அவனுக்கு மெயில் தட்டியிருக்கேன்.